விழுவதற்கு ஒரு பாய்
(48 கிலோ எடைப்பிரிவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்)

1

2022 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை. இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றாமலேயே டீ குடிக்க வந்த பெண்களில் ஒருத்தி, செல்போனில் ஒரு ஜூடோ ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பர்மிங்ஹாமில் நடந்த காமன்வெல்த் போட்டியின் 48 கிலோ பெண்கள் இறுதிச் சுற்று அது. மணிப்பூரின் லிக்மாபம் சுஷிலா தேவி, தென்னாப்பிரிக்காவின் மிக்கேலா ஒயிட்பூயியிடம் தோற்று வெள்ளி வாங்கிய ஆட்டம்.

‘ஜூடோ எல்லாம் பாப்பியாம்மா?’ என்று கேட்டேன்.

‘ஆடியே இருக்கேண்ணா. ஸ்கூல்ல, ப்ளஸ் டூ வரைக்கும். நானும் நாப்பத்தெட்டு தான்.’

நாற்பத்தெட்டு என்றது எடையை. அவள் படித்தது திருவண்ணாமலை மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில். ‘மேட் எல்லாம் கெடையாதுண்ணா. மணலைக் கொட்டி அதுமேல தார்ப்பாய் விரிப்பாங்க. மொத ஆறு மாசம் விழறதுக்கு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க. யாரையும் தூக்கிப்போட விடவே இல்ல.’ படிப்பு முடிந்ததும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தாள். ‘சேரும்போது எடை பாத்தாங்க. அப்பவும் நாப்பத்தெட்டு.’

ஒரே எண். ஒரு தராசில் அது போட்டியாளரின் பிரிவு. இன்னொரு தராசில் வேலைக்குத் தகுதியான உடல். இந்த இரண்டு தராசுகளும் எப்போது, யாரால், எதற்காக வைக்கப்பட்டன? இந்தக் கேள்வியோடு சுஷிலாவின் போட்டி வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வெற்றிபெற்ற விளையாட்டு வீரர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற கதைக்கு ஓர் அச்சு உண்டு. குடிசை, கண்ணீர், விடாமுயற்சி, பதக்கம், தேசியக்கொடி. இந்த அச்சு ஏழ்மையைப் பேசுவதுபோலப் பேசி, ஏழ்மைக்கான பொறுப்பைத் தனிமனிதரின் முயற்சிக்குள் கரைத்துவிடுகிறது. ‘அவளால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை?’ என்று மற்ற எல்லாரையும் பார்த்துக் கேட்கிறது. பதக்கம் வாங்கியவளின் கதையை அந்த அச்சிலிருந்து கழற்றி எடுக்காமல் அதை வரலாறாக எழுத முடியாது.

2

ஜூடோ பழங்காலத்துக் கலை அல்ல. அது நவீனத்தின் பிள்ளை. 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்கிற கோயிலில், பன்னிரண்டு பாய் அகலமுள்ள ஓர் இடத்தில், ஒன்பது மாணவர்களை வைத்துக்கொண்டு கானோ ஜிகோரோ அதைத் தொடங்கினார். அவருக்கு அப்போது வயது 21. போர்வீரர் சாதி கலைக்கப்பட்டு, அவர்களுடைய ஜூஜுட்சு கேட்பாரற்றுக் கிடந்த காலம். கானோ அதிலிருந்து உயிர்போகிற பிடிகளை விலக்கினார், மீதியை வகைப்படுத்தினார், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கத்தக்க பாடமாக மாற்றினார். அடிப்படையில் அவர் ஒரு கல்வியாளர். டோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினர்.

கானோ இரண்டு வாசகங்களை விட்டுச் சென்றார். ஒன்று, ‘செய்ர்யோகு ஜென்யோ’. உள்ள ஆற்றலைச் சிறந்த முறையில் பயன்படுத்துவது. மற்றது, ‘ஜிதா க்யோயெய்’. தானும் பிறரும் சேர்ந்து செழிப்பது. இரண்டாவது வாசகம் வெறும் நீதிபோதனை அல்ல, பயிற்சியின் நடைமுறையே அதுதான். ஜூடோவில் தனியாகப் பழக முடியாது. தூக்கிப்போடுகிறவருக்கு ‘தோரி’ என்று பெயர், விழுகிறவருக்கு ‘உகே’. ஒரு வீசலைக் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கான தடவை ஓர் உகே விழுந்து எழுந்தாக வேண்டும். அந்த உகே அடிபடாமல் விழ வேண்டும். ஆகவே ஜூடோவின் முதல் பாடம் ஜெயிப்பது அல்ல, விழுவது. மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காப்பது, கையால் தரையை அறைந்து வேகத்தைச் சிதறடிப்பது, உருண்டு எழுவது. இதற்கு ‘உகெமி’ என்று பெயர். நம் தங்கச்சி ஆறு மாதம் படித்தது இதைத்தான்.

இந்தப் பாடத்தைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. 1983இலிருந்து முப்பது ஆண்டுகளுக்குள் அந்நாட்டுப் பள்ளிகளில் ஜூடோவினால் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தலையில் அடி, பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள். கானோவின் இரண்டாவது வாசகத்தை உதிர்த்துவிட்டு முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டதன் விலை அது.

இந்த உதிர்ப்பு ஏற்கெனவே ஒருமுறை அரசின் கையால் நடந்ததுதான். 1930களில் ஜப்பானிய ராணுவ அரசு ஜூடோவைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிப் போருக்கான உடல்களைத் தயாரித்தது. அதனால்தான் 1945க்குப் பிறகு ஆக்கிரமிப்புப் படை அதைப் பள்ளிகளில் தடைசெய்தது. 1950இல்தான் திரும்ப அனுமதி கிடைத்தது. சிறை, படைமுகாம், பள்ளி, ஆலை என்று வரிசையாக ஃபூக்கோ காட்டுகிற ‘பணிவான உடல்’ உற்பத்தியாகும் இடங்களில் ஜூடோ மைதானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். அதே பாயில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1929இல் தாகூர் அழைத்து தகாகாகி ஷின்ஸோ சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ சொல்லிக்கொடுத்தபோது, கற்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். வங்காளத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் மற்றொரு உடலைப் பிடித்து எறியக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல.

3

பெண்கள் ஜூடோ கற்கலாம், போட்டியிடக்கூடாது என்பதுதான் நெடுங்கால விதி. கானோவின் ஆசிரியரான ஃபுகுதாவின் பேத்தி கெய்கோ ஃபுகுதா 1953இல் ஐந்தாம் தான் பட்டம் பெற்றார். பெண்ணுக்கு அதற்குமேல் கிடையாது என்றார்கள். ஏறக்குறைய இருபது வருடம் அதே படியில் நின்றார். பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய அவருக்குப் பத்தாம் தான் கிடைத்தபோது வயது 98.

1959இல் நியூயார்க் மாநிலத்தில் ஒய்.எம்.சி.ஏ. போட்டி ஒன்றில், புரூக்ளினைச் சேர்ந்த ரஸ்டி கனோகோகி மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆண்கள் அணியில் இறங்கி ஜெயித்தார். ‘நீ பெண்ணா?’ என்று கேட்டார்கள். ஆம் என்றார். பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் அதற்காக அழுது முடங்கவில்லை. 1980இல் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியைத் தன் வீட்டை அடமானம் வைத்து நியூயார்க்கில் நடத்திக்காட்டினார். ஒலிம்பிக்கில் சேர்க்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்றார். 1988 சியோலில் காட்சிப் போட்டி, 1992 பார்சிலோனாவில் முழுப் பதக்கப் போட்டி. பறித்த பதக்கத்தை ஒய்.எம்.சி.ஏ. அவருக்குத் திருப்பிக் கொடுத்தது 2009இல், அவர் இறந்த வருடம்.

ஆக, 1995இல் இம்பாலில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு ஒலிம்பிக் ஜூடோ என்கிற வாசல் திறந்து மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வாசலின் கீல்களில் அடமானம் வைத்த ஒரு வீடு இருக்கிறது. ‘தனிமனித சாதனை’ என்று நாம் சொல்வதற்கு முன்னால் யார் யாரோ பாய் விரித்திருக்கிறார்கள்.

4

சுஷிலாவை ஜூடோவுக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மாமா லிக்மாபம் தினித். அவரும் சர்வதேச ஜூடோ வீரர். 2002 டிசம்பரில், ஏழு வயதில், இம்பாலின் குமன் லம்பக் வளாகத்துக்குக் கூட்டிப்போனார். அண்ணனும் அங்கேயே பழகினார். இந்த குமன் லம்பக்கைக் கவனியுங்கள். 1999இல் மணிப்பூரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பொதுப்பணத்தில் எழும்பியது அது. போட்டி முடிந்தபின் பூட்டிப்போடாமல் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவைத்ததால்தான் மூன்று வருடம் கழித்து ஒரு சிறுமி அங்கே போய் விழக் கற்றுக்கொள்ள முடிந்தது. பிறகு இம்பாலிலேயே இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையம், அதற்கப்புறம் பாட்டியாலா, பயிற்சியாளர் ஜீவன் ஷர்மா.

மணிப்பூர்ப் பெண்களும் இந்த எடையும் சம்பந்தப்பட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 1989இல் மான்செஸ்டரில் பளுதூக்கும் உலகப் போட்டியில் மூன்று வெள்ளி வாங்கிய குஞ்சராணி, 2004 ஏதென்ஸில் 48 கிலோ பிரிவில் நாலாமிடம். குத்துச்சண்டையில் மேரி கோம் 48 கிலோவில் உலகப் பட்டம். 2017இல் மீராபாய் சானு 48 கிலோவில் உலக சாம்பியன். ஜூடோவில் 2008 பெய்ஜிங்குக்குப் போன தோம்பி தேவியும் 48. எல்லா விளையாட்டிலும் இந்தியா உலகத்தோடு மோத முடிகிற இடம் பெரும்பாலும் இந்தக் கீழ்த்தட்டு எடைதான். காரணம் மர்மமானதல்ல. கனமான உடலைக் கட்டுவதற்குப் பல வருடச் சத்தும் பணமும் வேண்டும். மெலிந்த உடலை வறுமையே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. அரசு கடைசிக் கட்டத்தில் வந்து கொடியைப் போர்த்தினால் போதும்.

மணிப்பூர் வெறும் ‘விளையாட்டு வீரர்களின் நிலம்’ அல்ல. 1980இலிருந்து பெரும்பகுதி ஆயுதப்படை சிறப்பதிகாரச் சட்டத்தின் கீழ் இருந்த மாநிலம். 2000 நவம்பரில் மாலோமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு இரோம் ஷர்மிளா தொடங்கிய பட்டினிப் போராட்டம் 2016 வரை நீண்டது. சுஷிலா ஜூடோ கற்ற வருடங்கள் முழுக்க, அதே இம்பாலில் ஒரு பெண் மூக்கில் குழாயோடு காவலில் கிடந்தாள். ஒரு பெண்ணின் உடல் பதக்க மேடையில் தேசத்துக்குச் சொந்தம். இன்னொரு பெண்ணின் உடலுக்குள் தேசம் குழாய் வழியாக உணவைச் செலுத்தியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத விளையாட்டு வரலாறு எதற்கு உதவும்?

5

2014 ஜூலை 24. கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி. 48 கிலோ இறுதியில் ஸ்காட்லாந்தின் கிம்பர்லி ரெனிக்ஸிடம் தோற்று, சுஷிலாவுக்கு வெள்ளி. வயது 19. ஜூடோ இந்தியாவுக்கு அதிகம் கொடுத்த விளையாட்டு அல்ல. 1986 சியோல் ஆசியப் போட்டியில் நான்கு வெண்கலம் என்பதைத்தான் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த நிலையில் இது பெரிய விஷயம்.

இதற்கப்புறம் நடந்ததைத்தான் அச்சுக்கதைகள் ஒரே பத்தியில் தாண்டிவிடுகின்றன. 2018இல் தொடையின் பின்தசை கிழிந்தது. ஜகார்த்தா ஆசியப் போட்டி போயிற்று. மாதக்கணக்கில் படுக்கை, மனச்சோர்வு, விட்டுவிடலாம் என்கிற எண்ணம். எழுந்து வந்தபோது வேறொரு பிரச்சினை. ஒலிம்பிக் தகுதி என்பது ஒரே போட்டியில் முடிகிற காரியமல்ல. இரண்டு வருடம் ஊர் ஊராக, கண்டம் விட்டுக் கண்டம் போய்ப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். விமானம், விடுதி, நுழைவுக்கட்டணம். எல்லாப் பயணத்துக்கும் அரசுப் பணம் கிடைப்பதில்லை. சுஷிலா தன் காரை விற்றார். முதன்முதலாக வாங்கிய கார்.

கனோகோகியின் வீட்டையும் சுஷிலாவின் காரையும் சேர்த்துப் பாருங்கள். இடையில் நாற்பது வருடம், இரண்டு கண்டம். பெண்ணின் விளையாட்டுக்கு முதலீடு அவளுடைய சொந்தச் சொத்து. லாபம் மட்டும் தேசத்துக்கு.

2021 ஏப்ரலில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் தகுதிப் போட்டி. அங்கே போன இந்திய அணியில் இரண்டு பேருக்குக் கொரோனா என்று தெரிந்ததும் மொத்த அணியும் விலக வேண்டியதாயிற்று. பாயில் கால் வைக்காமலே திரும்பினார்கள். கடைசியில் ஆசியக் கண்டத்துக்கான ஒதுக்கீட்டில் சுஷிலாவுக்கு இடம் கிடைத்தது. டோக்கியோவில் இந்தியாவின் ஒரே ஜூடோ வீரர் அவர்தான்.

2021 ஜூலை 24. கிளாஸ்கோ வெள்ளிக்குச் சரியாக ஏழு வருடம். நிப்பான் புதோகான் அரங்கில், முதல் சுற்றிலேயே ஹங்கேரியின் ஏவா செர்னோவிட்ஸ்கியிடம் இப்போன். இப்போன் என்றால் முழுப்புள்ளி. முதுகு தரையில் படுகிற மாதிரி வீசினால், ஆட்டம் அதோடு முடிந்தது. எதிரில் நின்றவர் லண்டனில் வெண்கலம் வாங்கியவர். நான்கு நிமிட ஆட்டம் முழுதாக ஓடவில்லை.

அதே நாள், அதே டோக்கியோவில், அதே மணிப்பூரின் மீராபாய் சானு 49 கிலோ பளுதூக்குதலில் வெள்ளி வாங்கினார். நாடு முழுக்கக் கொண்டாட்டம். நியாயம்தான். ஆனால் ஒரு கிலோ வித்தியாசத்தில், சில மணி நேர இடைவெளியில் தோற்ற இன்னொருத்தி செய்தியிலிருந்து காணாமல் போனாள். தோல்வியை எழுதத் தெரியாத வரலாறு வெற்றியையும் எழுதவில்லை, விளம்பரம்தான் எழுதுகிறது.

அன்று ஜூடோ 48 கிலோவில் தங்கம் வாங்கியது யார் என்று பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். ஜப்பானின் ஃபுனா தொனாகியைத் தோற்கடித்த டிஸ்ட்ரியா கிராஸ்னிசி. கொசோவோ நாட்டவர். இருபது லட்சம் பேர்கூட இல்லாத, போரில் சிதைந்த நாடு. அங்கே பேயா என்கிற சிறு ஊரில் ட்ரிட்டோன் குகா என்ற பயிற்சியாளர், யுகோஸ்லாவியா உடைந்த போரில் தன் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தவர், பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். 2016இல் அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அவருடைய மாணவி மஜ்லிண்டா கெல்மெண்டி வாங்கிய ஜூடோ தங்கம்தான். ஏழை நாடு என்பது காரணமல்ல. பாய் விரித்தபடி கிடக்கிறதா, சுருட்டப்பட்டுவிட்டதா என்பதுதான் காரணம்.

ஓராண்டு கழித்து பர்மிங்ஹாம். மலாவி, மொரீஷியஸ் வீராங்கனைகளைக் கடந்து இறுதி. நான்கு நிமிடம் சமநிலை, கூடுதல் நேரத்தில் ஓர் அரைப்புள்ளி. மீண்டும் வெள்ளி. டீக்கடைத் தங்கச்சி திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தக் கடைசி விநாடிகளைத்தான். ‘பிடி லூஸ் ஆயிடுச்சுண்ணா, பாருங்க’ என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

6

இப்போது இந்த டீக்கடை நிற்கிற இடத்துக்கு வருவோம்.

தேதிகளில் மாயம் தேடுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் ஜூலை 24 என்பது இந்தப் பிரதேசத்துக்கும் ஒரு தேதி. 1991 ஜூலை 24 அன்றுதான் மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டும் புதிய தொழில் கொள்கையும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 21இல் ராஜீவ் கொல்லப்பட்ட ஊராகத்தான் ஸ்ரீபெரும்புதூரை வெளியுலகம் அறிந்திருந்தது. ஏரியும் நெல்லும் ராமானுஜர் கோயிலும் இருந்த ஊர். 1996இல் ஹூண்டாய், 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார். 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், அப்புறம் டைம்லர். நோக்கியா 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் எங்கே விழுந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

இந்த ஆலைகளில் புழங்குகிற ‘கைசன்’, ‘ஃபைவ் எஸ்’ ஆகிய ஜப்பானியச் சொற்கள் நம் பிள்ளைகளுக்கு இப்போது மனப்பாடம். வீணாகும் ஓர் அசைவைக் கண்டுபிடித்து நீக்கு; ஒரு அடி நடப்பதை அரை அடியாக்கு; ஒவ்வொரு விநாடியும் கணக்கு. கானோவுக்கும் கைசனுக்கும் நேர்க்கோடு இழுப்பது என் நோக்கமில்லை. உடலின் ஆற்றலைக் கணக்குப்போடுகிற அதே நவீன மனம்தான் இரண்டிலும் வேலை செய்கிறது என்கிறேன். வித்தியாசம் ஒன்றே ஒன்று. கானோ இரண்டாவது வாசகத்தையும் எழுதி வைத்தார். லைனில் முதல் வாசகம் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது.

தராசும் அப்படித்தான். ஜூடோவில் எடை பார்ப்பது, உடல்வலுவில் பெரியவர் சின்னவரை நசுக்கிவிடக்கூடாது என்பதற்காக. போட்டிக்கு முந்தின நாள் எடை. மறுநாள் காலை குலுக்கல் முறையில் சிலருக்கு மறுபடியும் எடை, ஐந்து சதவீதத்துக்குமேல் ஏறியிருக்கக்கூடாது. பட்டினி போட்டு இறக்கிப் பிறகு ஏற்றுகிற தந்திரத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதிலும் கொடூரம் உண்டு. 2024 ஆகஸ்டில் பாரிஸில் நூறு கிராமுக்காக வினேஷ் போகாட் மல்யுத்த இறுதியிலிருந்து நீக்கப்பட்டதை மறக்க முடியாது. ஆனாலும் கொள்கையளவில் அது சமமானவர்களை எதிரெதிரே நிறுத்துகிற தராசு. ஆலை வாசலில் இருக்கிற தராசு ஒரு பக்கத்தை மட்டும்தான் நிறுக்கிறது. எதிரில் நிற்பவரின் எடை என்ன என்று யாரும் கேட்பதில்லை.

உடலைத் தேர்ந்தெடுப்பது எடையோடு நிற்பதுமில்லை. ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அதற்கு முன், 2021 டிசம்பரில், அதே ஆலையின் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சக தொழிலாளிகளுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லாத இரவில், அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். கொண்டாடப்படாத பெண்கள், பயிற்சியாளர் இல்லாத பெண்கள். ஒருத்தி விழுந்தால் எல்லாரும் நிற்பது என்கிற இரண்டாவது வாசகத்தை அவர்களே தெருவில் எழுதினார்கள். ஆலை சில வாரங்கள் நின்றது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தபோது, அதன் அஸ்திவாரத்தில் அந்த இரவும் இருந்தது. விடுதி ஒரு பாய்தான், மறுக்கவில்லை. ஆனால் அது யார் கையில் இருக்கிற பாய் என்பதும் கேள்வி. அடுத்த மாதமே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக. சங்கம் என்பது வேறென்ன? விழுகிறவர்கள் தாங்களே விரித்துக்கொள்கிற பாய்.

நண்பர்கள் கேட்கலாம்: விளையாட்டையும் கூலியுழைப்பையும் இப்படிக் கலக்கலாமா, ஜூடோ வீராங்கனை விரும்பி விழுகிறாள், தொழிலாளி வேறு வழியில்லாமல் விழுகிறாள் அல்லவா என்று. சரியான ஆட்சேபம்தான். ஆனால் விளையாட்டு வீரர்களே அந்தக் கோட்டை அழித்துக் காட்டியிருக்கிறார்கள். 2012 டிசம்பரில் ஜப்பானின் முன்னணி ஜூடோ வீராங்கனைகள் 15 பேர், தங்கள் பயிற்சியாளர் கன்னத்தில் அறைவதாகவும் மூங்கில் வாளால் அடிப்பதாகவும் ஒலிம்பிக் குழுவுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். லண்டன் ஒலிம்பிக் முடிந்த சூடு ஆறவில்லை. பயிற்சியாளர் பதவி விலகினார். 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் நம் மல்யுத்த வீராங்கனைகள் உட்கார்ந்ததும், மே 28 அன்று போலீஸ் அவர்களைத் தரையில் போட்டு இழுத்ததும் நாம் பார்த்ததுதான். பதக்கம் உடலைக் காப்பாற்றவில்லை. கூட்டாக நின்றதுதான் கொஞ்சமாவது காப்பாற்றியது.

7

சுஷிலாவின் போட்டி வாழ்க்கையை இரண்டு வெள்ளி, ஓர் ஒலிம்பிக் தோல்வி என்று மூன்று வரியில் சொல்லிவிடலாம். நான் சொல்ல விரும்புவது வேறு. ஏழு வயதில் கைபிடித்துக் கூட்டிப்போன மாமா, பூட்டாமல் விட்ட ஒரு வளாகம், ஆணையத்தின் விடுதிச் சோறு, மணிப்பூர் காவல்துறையில் ஒரு வேலை, விற்ற கார், பெயர் தெரியாத எத்தனையோ உகேக்கள். தினமும் அவர் பிடித்து எறிந்து எறிந்து பழகிய அந்தப் பெண்கள் எந்தச் செய்தியிலும் இல்லை. ஒரு சாம்பியனின் வரலாறு என்பது பாதி அவர்களுடைய வரலாறு. இதைச் சொன்னால் சாம்பியன் சிறுத்துவிடமாட்டார். ஒரு கை விட்டிருந்தாலும் கீழே போயிருக்கும் வாழ்க்கையை இத்தனை தூரம் அவர் கொண்டுவந்ததன் கனம் அப்போதுதான் தெரியும். பாயின் பெரும்பகுதி பொதுப்பணத்தில் விரிக்கப்பட்டது என்பதும், அந்தப் பாயை இன்று சுருட்டிக்கொண்டு ‘சொந்த முயற்சி’யைப் புகழ்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும்.

அன்று காலை கிளம்புமுன், ‘இன்னும் விழத் தெரியுமா?’ என்று விளையாட்டாகக் கேட்டேன். ‘மறக்காதுண்ணா அது. போன மாசம் ஹாஸ்டல் மாடிப்படியில வழுக்கிட்டேன். தலை தானா தூக்கிக்கிச்சு, கை தானா தட்டுச்சு. ஒண்ணும் ஆகல’ என்றாள். பக்கத்தில் நின்ற தோழியைக் காட்டி, ‘இவ விழுந்திருந்தா மண்டை ஒடஞ்சிருக்கும். சொல்லிக் குடுக்கறேன்னு சொல்றேன், எங்க, ரெண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் வர்றதே இல்ல’ என்றாள்.

அந்த வருடக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டதாகத் தோழி சொன்னாள். விழக் கற்றுக்கொண்டாயா என்று தோழியிடம் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் மொட்டை மாடியில், படுக்கிற பாய்கள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஆறேழு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாளாம்.